பதினொரு சென்டிமீட்டர் கீறல்

ஞாயிறு, மதியம்

என் அன்புக் குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கிற ஜாதி இல்லையே அவர், ஆயுசு முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்துகொண்டு நம் கட்டடத்து லிஃப்டில் மட்டும் ஏறமாட்டேன், நாலு மாடியும் படியில்தான் என்கிறார். கேட்டால் "அதோட வண்டவாளம் எனக்குத்தானே தெரியும்" என்கிறார். சமையலறைக் குழாய் மறுபடியும் சொட்ட ஆரம்பித்துவிட்டது. மாடி வீட்டுக்காரர்கள் புதிதாக ஒரு நாய் வாங்கியிருக்கிறார்கள், அது விடியற்காலையில் எழுந்து ஊரையே எழுப்புகிறது, ஒரு வகையில் எனக்கு அலாரம் மிச்சம்.

சரி, குழாயும் நாயும் போதும். உன் கடிதம் வந்து இன்றோடு இருபத்திரண்டு நாள். நடுவில் மூன்று தரம் போனில் பேசினோம், மூன்று தரமும் நான் இந்தக் குழாயைப் பற்றித்தான் பேசினேன், நீயும் வாயைத் திறந்து கேட்கவில்லை. நான் படிக்காமல் வைத்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதே. படித்துப் படித்து மடிப்பில் தாள் கிழிந்தே போய்விட்டது. அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி மார்பு அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள், இரண்டு வருஷம் வரிசையில் காத்திருந்து கிடைத்த நாள், கூட இருந்து வீட்டுக்கு அழைத்துப்போக ஓர் ஆள் இல்லாமல் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம், அறையில் கூட இருக்கும் பையன் அந்த மாதம் பூராவும் வெளியூர், எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் "நீ வர முடியுமாம்மா? முடியலன்னா பரவாயில்ல, தள்ளிப் போட்டுக்கறேன்" என்று முடித்திருந்தாய். அந்தப் பரவாயில்லைதான் என்னை இருபத்திரண்டு நாளாகத் தின்கிறது. பதில் சொல்கிறேன், ஆனால் போன செவ்வாய்க்கிழமை வேலையில் நடந்ததைச் சொல்லாமல் சொன்னால் உனக்குப் புரியாது, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படி.

உன் சிநேகிதர்கள் அம்மா என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் ஓவியக்கூடத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, அங்கே என்ன என்று கேட்டால் முழிப்பாயாமே, நீயே சொல்லியிருக்கிறாய். இதுதான் வேலை. வெளியூர்களிலிருந்து படங்கள் பெட்டியில் வந்து இறங்கும். இறங்கியவுடன் திறக்கக்கூடாது, ஒரு நாள் முழுக்க அப்படியே வைத்திருந்து அறையின் சூடு அதற்குப் பழகின பிறகுதான் திறக்க வேண்டும். திறந்ததும் நான் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அங்குலமாகப் பார்ப்பேன், அப்படிப் பிடித்தால்தான் மேடு பள்ளமெல்லாம் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். எங்கே கீறல், எங்கே கறை, எங்கே வண்ணம் உரிந்திருக்கிறது என்று அளந்து நிலைக்குறிப்பில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், வழியில் கெட்டதா இங்கே வந்து கெட்டதா என்று பின்னால் பேச்சு வரக்கூடாது பார். துணி ஃபாக்டரியில் பத்தொன்பது வருஷம் செக்கிங்கில் இருந்தவளுக்கு இது கை வந்த வேலைதானே. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன் என்று பெயர் எடுத்திருக்கிறேன். அப்பா இதற்குப் படத்துக்கு நர்ஸ் வேலை என்று பெயர் வைத்திருக்கிறார்.

இந்தத் தரம் வந்தது பெரிய கண்காட்சி, ஓவியமும் புகைப்படமுமாக அறுபதுக்கு மேல். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும், பிறந்தபோது சொன்னது ஒன்று தாங்கள் இருப்பது ஒன்று என்றிருக்கிறவர்களும், தங்களைத் தாங்களே வரைந்தும் எடுத்தும் வைத்த படங்கள். எங்கள் பொறுப்பாளர் அம்மா எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, "யாருக்காவது சங்கடமா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, வேற ஆளப் போட்டுக்கறேன்" என்றார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. உன் கடிதம் கைப்பைக்குள் இருந்தது. இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை, வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள் அல்லவா.

நான் என்ன எதிர்பார்த்தேன் என்று உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், கண்ணைத் திருப்பிக்கொள்ள வேண்டிய படங்கள் வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். முதல் பெட்டியில் வந்தது ஒரு குளியலறைப் புகைப்படம். எழுபது வயதுப் பெண்கள் இரண்டு பேர், ஒருத்தி பிளாஸ்டிக் நாற்காலியில் தோளில் பழைய துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இன்னொருத்தி பின்னால் நின்று பழைய பல்தேய்ப்பானால் அவளுக்குத் தலைக்குச் சாயம் பூசுகிறாள். அக்கா தங்கை என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தால் நாற்பத்தொரு வருஷமாக ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிறவர்கள். பெட்டி திறக்கிற தச்சர், நாங்கள் மீசை அண்ணன் என்போம், எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டம்மாவும் எனக்கு இப்படித்தான் பூசி விடறா, காதெல்லாம் ஒழுகுது" என்றார். அந்த மீசையின் கருப்பு சொந்தக் கருப்பு இல்லை என்று அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அடுத்தது ஒரு பேருந்து நிறுத்தம், ஓர் ஆள் இன்னொருவனுக்கு மழைக்கோட்டின் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிடுகிறான், அவன் ஒத்தாசையாக முகவாயைத் தூக்கிக் கொடுக்கிறான், அவ்வளவுதான் படமே. நான் டார்ச்சை அணைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டே நின்றேன் குட்டி. இத்தனை வருஷத்தில் நான் எந்தப் படத்தையும் சும்மா பார்த்ததே இல்லை, குறைதான் தேடியிருக்கிறேன். ஒரு தாளுக்குள் இவ்வளவு அன்பை எப்படி அடைக்கிறார்கள் என்று மலைத்துப்போனேன். உன் அப்பா எனக்கு இப்படி எத்தனை தரம் பொத்தான் போட்டுவிட்டிருக்கிறார், அதையெல்லாம் யாராவது படம் எடுத்து மாட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று தோன்றியது.

திங்கட்கிழமை பெரிய பெட்டியைத் திறந்தோம். கதவு உயரத்துக்கு ஓர் எண்ணெய் ஓவியம். ஒரு சமையலறை, அடுப்பு மேடையில் கழுவாத இரண்டு டம்ளர், ஸ்டூலில் சட்டையில்லாமல் ஓர் ஆண் உட்கார்ந்திருக்கிறான், எதிரே இன்னொருவன் தரையில் மண்டியிட்டு அவன் மார்பில் கட்டைவிரலால் என்னவோ தடவிவிடுகிறான். நான் மேலிருந்து கீழாக வழக்கம்போல் போனேன். மார்புக்கு வந்ததும் டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கோடு, அந்த இடத்தில் மட்டும் வண்ணம் கொஞ்சம் மேடு தட்டி, சுற்றியுள்ள தோலிலிருந்து நிறம் மாறி. அளந்து எழுதினேன். மார்புப் பகுதியில் இரண்டு கீறல், இடப்பக்கம் பதினொரு சென்டிமீட்டர், வலப்பக்கம் பத்தரை, பழைய பழுதுபார்ப்பு போலத் தெரிகிறது, நிறம் பொருந்தவில்லை. எழுதிச் சிவப்பு அட்டையும் கட்டிவிட்டேன். சிவப்பு அட்டை கட்டினால் படத்தை மாட்டக்கூடாது, வரைந்தவரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், குள்ளம், ஒட்ட வெட்டின தாடி, முதுகில் பை, பேருந்தில் வந்திருக்கிறார், காலில் பூராவும் சேறு. நான் குறிப்பைக் கையில் கொடுத்தேன். படித்தார். முதலில் சிரித்தார், நன்றாகவே சிரித்தார், அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தவர் துடைத்துக்கொண்டே இருந்தார். "அம்மா, இது பழுது இல்ல, இது நான்தான்" என்று தன் சட்டை மேல் கையை வைத்துக் காட்டினார். "அளவு கூட அப்படியே சரியா எழுதியிருக்கீங்க, நான் என் உடம்ப அளந்துதான் வரைஞ்சேன்" என்றார். தரை பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது எனக்கு. உன் கடிதத்தில் இருந்த அதே சிகிச்சை, அந்தத் தழும்பு. நான் அதற்குச் சிவப்பு அட்டை கட்டியிருக்கிறேன்.

மனுஷன் கோபப்படவே இல்லை. என்னைப் பக்கத்தில் நிற்கவைத்து, நான் எத்தனையோ தரம் டார்ச் அடித்த இடத்தை எனக்கே காட்டினார். அந்தக் கோடு ஒரு நிறம் இல்லை குட்டி. ரோஜா நிறம், அதற்கடியில் கொஞ்சம் ஊதா, ஓரத்தில் வெளுத்த மஞ்சள், பதினொரு சென்டிமீட்டருக்குள் எத்தனை நிறம் என்கிறாய், எறும்பு ஊர்ந்த மாதிரி அத்தனை மெல்லிய தூரிகையால் நாலு மாதம் வரைந்திருக்கிறார். "ஆறின பிறகுதான் வரைஞ்சேன். ஆறாம இருந்தப்ப கை வரல" என்றார். மண்டியிட்டிருப்பவர் அவர் கூட வாழ்கிறவர், மின்சார ரயில் ஓட்டுகிறவராம், தினம் வேலை முடிந்து வந்து கையைக் கழுவிக்கொண்டு ஆறு மாதம் அந்தத் தழும்புக்கு எண்ணெய் தடவிவிட்டிருக்கிறார். அப்போதுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். அந்த மண்டியிட்டவர் தழும்பைப் பார்க்கவே இல்லை, விரல் மட்டும்தான் அங்கே இருக்கிறது, அவர் கண் மேலே இவர் முகத்தில் இருக்கிறது, வலிக்கிறதா என்று பார்க்கிறார். கீறலை அரை சென்டிமீட்டர் பிசகாமல் அளந்தவளுக்கு இவ்வளவு பெரிய முகம் கண்ணில் படவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கோயிலிலோ கடலுக்கு முன்னாலோ நிற்கும்போது வருமே, அந்த மாதிரி.

பிறகு கேட்கக்கூடாததைக் கேட்டேன். ஆஸ்பத்திரியில் அன்றைக்கு உங்களோடு யார் இருந்தார்கள் என்று. அப்போது இவருக்கு அந்த ரயில்காரர் பழக்கமில்லையாம், எண்ணெய் தடவினதெல்லாம் பிறகு சேர்ந்து வாழ ஆரம்பித்தபோதுதானாம். "யாரும் இல்லம்மா. பக்கத்து பெட்ல இருந்தவரோட மனைவி பாவப்பட்டு கையெழுத்து போட்டு கூட்டிட்டு போனாங்க, அவங்க பேரு கூட எனக்கு தெரியாது" என்றார். உங்கள் அம்மா என்று இழுத்தேன். "போன் பண்ணாங்க. அங்க மழை பெய்யுதா, சாப்டியான்னு கேட்டாங்க" என்றார், குறையாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னார். எனக்கு நம் வீட்டுக் குழாய் ஞாபகம் வந்தது. கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நிலைக்குறிப்பில் எழுதினதை அடிக்கக்கூடாது என்பது விதி, கீழே இன்னொரு வரி எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். எழுதினேன். மேற்கண்டவை பழுது இல்லை, ஓவியரால் தீட்டப்பட்டவை, படம் முழுமையாகவும் நல்ல நிலையிலும் உள்ளது. எழுதிவிட்டு நிமிர்ந்தால் அவர் அந்த வரியைத் தன் போனில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். சிவப்பு அட்டையை நானே அவிழ்த்தேன்.

இனி நம் விஷயம். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து "நான் பொண்ணு இல்லம்மா, எப்பவுமே இருந்ததில்ல" என்று நீ சொன்னாய். அப்பா எழுந்து போய்விட்டார். நான் எழுந்து போகவில்லை என்று இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், ஆனால் நான் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. நல்லா இருக்கிற உடம்பில் எதற்குக் கத்தி வைக்க வேண்டும், உன்னிடம் என்ன குறை என்றேன். அது அன்பாகச் சொன்னது என்றுதான் நினைத்தேன். செக்கிங்காரிக்கு உலகத்தில் இரண்டே வகைதானே, குறை உள்ளது, குறை இல்லாதது. நீ எனக்குக் குறையே இல்லாத பிள்ளை, அதனால் அங்கேயே முத்திரை குத்தி மூட்டை கட்டிவிட்டேன், உள்ளே நீ என்ன பாடுபடுகிறாய் என்று கேட்கவே இல்லை. உன்னைப் பெற்ற தையல் என் வயிற்றில் இன்னும் இருக்கிறது, மழைக்காலத்தில் அரிக்கும். அதைப் பழுது என்று யாரும் சொன்னதில்லை, நானும் நினைத்ததில்லை. உனக்கு வரப்போவதை மட்டும் ஏன் அப்படி நினைத்தேன் என்று யோசிக்கிறேன். என்னை மன்னித்துக்கொள் என்று கேட்க வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

நேற்று ஊழியர் குடும்பங்களுக்கு மட்டும் கண்காட்சியைத் திறந்தார்கள். உன் சிகிச்சை விஷயத்தைக் கடிதம் வந்த அன்றே அப்பாவிடம் சொல்லியிருந்தேன், அவரை இழுத்துக்கொண்டு போனேன், எதற்கு என்று சொல்லவில்லை. போனில் உன் குரல் கேட்டதும் "இரு, அம்மாகிட்ட தரேன்" என்பதைத் தவிர நாலு வருஷமாக வேறு பேசாத மனுஷன், நீ அறிவாய். அந்தப் பெரிய படத்துக்கு முன்னால் நின்று முதலில் "அந்த ஸ்டூலோட பின்கால் ஆடும் போலிருக்கு" என்றார். பக்கத்துச் சீட்டைப் படித்தார், கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தார். மற்றவர்கள் எல்லாம் அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள், இவர் நகரவில்லை, முழங்கால் வலிக்குமே உட்காருங்கள் என்றேன், காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. கடைசியில் படத்தைப் பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "ரொம்ப வலிக்குமா?" என்று கேட்டார். உன்னைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. ஆறிவிடுமாம் என்றேன். தலையை ஆட்டினார்.

ஆகவே என் பதில். வருகிறேன். பதினாறாம் தேதி காலையில் வந்து இறங்குகிறேன், மூன்று வாரம் விடுப்புக்குப் பொறுப்பாளர் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார், டிக்கெட் எடுத்தாயிற்று. நீ ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக்கூடாது. அப்பா இந்தத் தரம் வரவில்லை, அவருக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும், அவர் நிற்கிற இடம் வரை வந்ததே பெரிய தூரம் என்று வைத்துக்கொள். எனக்கும் எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்காதே. மயக்க மருந்து என்றாலே, தெளிந்து எழாமல் போனால் என்று கண்டதையும் நினைக்கிறேன். போன வருஷம் போனில் பழக்கதோஷத்தில் "என்னடி" என்று வாய் தவறி, நீ சட்டென்று பேசாமல் போனாயே, அங்கே டாக்டர் முன்னால் அப்படி உளறிவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது. உளறினால் அங்கேயே திட்டு, மனதில் வைத்துக்கொள்ளாதே. அழமாட்டேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. கட்டு மாற்றுவது, கையைக் கழுவிக்கொண்டு எண்ணெய் தடவுவது எல்லாம் அந்த ஓவியரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன், மனுஷன் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

அதுவரைக்கும் முட்டை, பால், கீரை தவறாமல் சாப்பிடு, அந்தக் கருப்புக் காப்பியைக் குறை, சளி பிடித்தால் தேதியை மாற்றிவிடுவார்களாம், மழையில் நனையாதே. சிகரெட் பிடிக்கிறாய் என்று எனக்குத் தெரியும், தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய், இன்றோடு நிறுத்து. நாலைந்து வாரத்துக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்கக்கூடாதாம், அதனால் பனியன் மாதிரித் தலைவழியாகப் போடுகிறது எதுவும் உதவாது, முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்ந்த சட்டையாக வேண்டும் என்று நேற்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன், சும்மா சுவருக்குச் சொல்வது போலத்தான் சொன்னேன். இன்று காலை எழுந்து பார்த்தால் அப்பா இஸ்திரி மேஜையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார், தன் பருத்திச் சட்டையில் மூன்றை எடுத்து வைத்திருக்கிறார். நான் வரும்போது கொண்டுவருகிறேன் என்றால் கேட்கவில்லை, இந்தக் கடிதத்தோடு சேர்த்து நாளைக்கே பார்சல் போட்டாக வேண்டுமாம். கீழே கொஞ்சம் இடமும் விடச் சொன்னார்.

நீ நினைத்தபடி நீயாக, நோய் நொடியில்லாமல், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார ஒருவர் எப்போதும் இருக்க, நீண்ட நாள் நன்றாக இரு என் கண்ணே. பதினாறாம் தேதி ஸ்டேஷனுக்கு வர மறந்துவிடாதே, அந்த ஊரில் எனக்கு வடக்கு தெற்கு தெரியாது.

மாறாத அன்புடன்,
உன் அம்மா

மூன்றும் துவைத்து இஸ்திரி போட்டது. நீலத்தில் மேல் பொத்தான் உடைந்திருந்தது, மாற்றிவிட்டேன். புதிதாக வாங்கலாம் என்றாள் உன் அம்மா, வேண்டாம் என்றேன். என் அளவு உனக்குச் சரியாக இருக்கும் தம்பி.
அப்பா